ஐயா சீட்டில் இல்லை

ஜெராக்ஸ் கடை அக்கா ஆட்சேபணை மனு கொடுக்க அன்று சாயங்காலம் ஐந்து மணிதான் கெடு. அவள் கடைக்கு மேலே புதிய உயர் அழுத்த மின்கம்பி போகப்போகிறதாம். தூரத்து நகரத்துக்குக் கரண்ட். இந்தத் தெருவுக்கு ஒரு பொட்டு கிடையாது. ஆனால் கூரையில் அவள் போட்டிருக்கும் சோலார் பேனல்களைக் கழற்ற வேண்டுமாம். கழற்றினால் கடைக்குப் பூட்டுதான். இங்கே கரண்ட் இருக்கும் நேரத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மனுவிலும் அதன் நகலிலும் மின் அதிகாரி முத்திரை குத்தினால்தான் செல்லும். நாலு நாளாக நாயாய் அலைந்துவிட்டாள். ஐயா சாப்பிடப் போயிருக்கிறார், ஐயா மீட்டிங்கில் இருக்கிறார், ஐயா சீட்டில் இல்லை. அப்புறம் அந்தச் சீட்டுதான் எதற்கு?

மூன்றரை மணிக்கு ஐயாவே வியர்க்க விறுவிறுக்கக் கடைக்குள் நுழைந்தார்.

"ஏம்மா, ஆபீஸ்ல கரண்ட் போயிடுச்சு. அவசரமா நாப்பது நோட்டீஸ் எடுக்கணும். உன் மெஷின் மட்டும் எப்படி ஓடுது?"

"மேல சூரியன் இருக்காரு சார். அவரு மீட்டிங்குக்குப் போறதில்ல."

அதிகாரிக்கு உறைக்கவில்லை. ஃபேனுக்கு அடியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அக்கா தாளைப் பார்த்தாள். பேனல்களைக் கழற்றச் சொல்லும் நோட்டீஸ்! 'தடையற்ற மின்சாரம் வழங்கும் பொருட்டு' என்று வேறு ஆரம்பம். அடப்பாவி, என் வெயிலிலேயே எனக்குக் குழி வெட்டுகிறாயா!

நாற்பதும் எடுத்தாள். கூடவே தன் மனுவையும் அதன் நகலையும் அடியில் வைத்து நீட்டினாள். ஐயா பையிலிருந்து முத்திரையை எடுத்து அங்கேயே குத்தத் தொடங்கினார். கண் ஃபேனில், கை தாளில். டொக், டொக், டொக்.

கடைசி இரண்டு தாளில் கை நின்றது. அக்காவுக்கு மூச்சும் நின்றது.

"இது என்ன?"

"கம்பி விஷயந்தான் சார். படிச்சுப் பாருங்க."

"எல்லாத்தையும் படிச்சா வேலை நடக்குமாம்மா?"

டொக், டொக். கையெழுத்து, தேதி எல்லாம் ஆயிற்று. அக்கா நகலை உருவிப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

வாசலில் தாள்களை அடுக்கும்போதுதான் ஐயா மனுவைப் படித்தார். 'எங்கள் கூரையில் வரும் கரண்ட் எங்களுக்குப் போதும். மின்கோபுரமும் வேண்டாம், கம்பியும் வேண்டாம்.' முகத்தில் ஈயாடவில்லை.

"ஏய், தெரியாம குத்திட்டேன்! அந்தக் காப்பியைக் குடு, ரத்து பண்ணணும்!"

"ஆபீஸுக்கே வந்து தர்றேன் சார்," என்றாள் அக்கா. "என்னைக்குச் சீட்ல இருப்பீங்க?"