செவலைக்கு ஏற்ற கடிவாளம்

செவலையின் வாயை மார்ட்டின் முதலில் விரலால்தான் பார்த்தான். உதட்டோரத்தில் கட்டைவிரலை நுழைத்து, முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல்லே முளைக்காத வெற்று ஈறைத் தடவினான். கடிவாளத்தின் கம்பி உட்காரும் இடம் அதுதான். பிறகு ஒரு வேப்பங்குச்சியை வாய்க்குக் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் கால் அங்குலம் விட்டு ஒடித்தான்.

"சின்ன வாயிங்க. நாக்கு தடிமன். மெல்லிசு கம்பி போட்டா அறுத்துடும்" என்றான். "ரப்பர் சுத்துன மொத்தக் கம்பிதான் இதுக்குச் சரி. தம்பி வேற புதுசா ஏறுறாரு. பயத்துல லகானப் புடிச்சிக்கினு தொங்குவாரு. மெத்துனு இருந்தாதான் குதிர தாங்கும்."

மோட்டார் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ராணியம்மாள் நிமிர்ந்தாள்.

"பயமா? எவனுக்குடா பயம்?"

மார்ட்டின் குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கோமுகி அணைத் தண்ணீர் பாயும் இருபது ஏக்கர் கரும்பு ராணியம்மாளுடையது. சித்திரையில் ஊர்த்தேர் நகரும்போது அவளுடைய புருஷன் ராமசாமி குதிரையேறி முன்னால் போவார். அது அந்த வீட்டு மரியாதை. அவர் செத்து எட்டு வருஷமாகக் குதிரையும் இல்லை, ஏறவும் ஆளில்லை. போன தேருக்குப் பிறகு நடந்த ஊர்க்கூட்டத்தில் பங்காளி கந்தசாமி எழுந்து, "குதிர ஏற ஆம்பள இல்லாத வூட்டுக்கு முன்மரியாத எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். ஆடி பிறந்ததும் ராணியம்மாள் அந்தியூர்ச் சந்தைக்குப் போய் இந்தச் செவலைப் பெட்டையை ஓட்டிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்துக்கொள்ளத் தியாகதுருகத்திலிருந்து மார்ட்டினை வரவழைத்தாள். புதுச்சேரிப் பக்கம் ஒரு குதிரைப் பண்ணையில் பன்னிரண்டு வருஷம் இருந்தவன் அவன்.

ஏற வேண்டியவன் அவளுடைய ஒரே மகன் அறிவுச்செல்வன். வயது முப்பத்திநான்கு. கல்யாணமாகியும் எந்தச் சட்டை போடுவது என்று அம்மா முகத்தைப் பார்ப்பவன். மாடு தலையை ஆட்டினால் இரண்டடி தள்ளி நிற்பான். "உங்கப்பன் ரத்தம் ஒரு சொட்டுகூட ஒட்டலியேடா" என்று ஆட்கள் முன்னாலேயே ராணியம்மாள் சொல்வாள். அவன் தலையைக் குனிந்துகொள்வான்.

ரப்பர் கம்பி போட்டதும் செவலை மார்ட்டினுக்கு ஆட்டுக்குட்டி மாதிரி நடந்தது. வெல்லத்துண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினால் தானாகவே வாயைத் திறந்து கம்பியை வாங்கிக்கொள்ளும். அறிவுச்செல்வன் ஏறினால்தான் தொல்லை. அது நாலடி வேகமாக வைத்தால் போதும், அவன் இரண்டு கையாலும் லகானை மார்போடு இழுப்பான். செவலை தலையை உதறும். பங்குனியில் ஒருநாள் அப்படி உதறியதில் அவன் சறுக்கி, வெட்டிப்போட்ட கரும்புச் சோகைமேல் மல்லாந்து விழுந்தான். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

ராணியம்மாள் வீட்டுக்குள் போய், பரணிலிருந்து ராமசாமியின் பழைய கடிவாளத்தை எடுத்து வந்தாள். கம்பியின் இரண்டு பக்கமும் முள் வைத்தது. துரு ஏறியிருந்தது.

"இதப் போடு."

மார்ட்டின் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். "வேணாங்கம்மா. இது குத்துனா குதிர முன்ன போவாது. பின்ன எழும்பும். ஆளோட மல்லாந்து வுழும். தப்பு அதோட வாயில இல்லீங்க. கையிலதான் இருக்கு."

வெட்டுகிறவர்களின் காதிலும் அது விழுந்தது.

ராணியம்மாள் கோபப்படவில்லை. "அவ்ளோ வலிக்குமாடா?"

"வலிக்குங்க."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்? கட்டிப் பாத்தியா?"

அவன் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து லேசாகச் சிரித்தான்.

"கட்டிப் பாத்துச் சொல்லு. வாயத் தொற."

வெட்டுகிறவர்களின் சிரிப்பு நின்றது. ஆனால் யாரும் அங்கிருந்து போகவில்லை. மார்ட்டின் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவனை யாரும் பிடித்து அமுக்கவில்லை, கையைக் கட்டவில்லை. அந்தம்மா சொன்னாள், அவன் வாயைத் திறந்தான். ஏன் திறந்தோம் என்று பின்னால் எத்தனையோ முறை யோசித்தான்.

கம்பியைத் திணித்து வாரைப் பிடரியில் முடிந்தாள் ராணியம்மாள். லகானை மகன் கையில் கொடுத்தாள்.

"இழு."

"வேணாம்மா."

"இழுடா. அவன் சொல்ற கையி எப்பிடினு பாப்போம்."

அறிவுச்செல்வன் லேசாக இழுத்தான். மார்ட்டினின் தலை இடப்பக்கம் திரும்பியது. அறிவுச்செல்வன் அதை உற்றுப் பார்த்தான். அவன் கையசைவுக்கு ஒரு மனிதன் தலை திருப்பியது அதுதான் முதல்முறை. வலப்பக்கம் இழுத்தான். தலை அங்கே திரும்பியது. மூன்றாவது இழுப்பை யாரும் சொல்லவில்லை. மார்ட்டின் முழங்காலில் விழுந்தான். தாடையில் ரத்தம் வழிந்து சட்டையில் சொட்டியது.

சமையற்கட்டு வாசலில் நின்றிருந்த அறிவுச்செல்வனின் மனைவி செந்தமிழ்ச்செல்வி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மிக்சி ஓடும் சத்தம் கேட்டது.

"போதும், வுடு" என்றாள் ராணியம்மாள்.

அவன் இன்னும் ஒருமுறை இழுத்துவிட்டுத்தான் விட்டான்.

மார்ட்டின் ஒரு வாரம் வீட்டில் கிடந்தான். அவன் மனைவி பாக்கியம் கேழ்வரகுக் கூழை ஆறவைத்துக் கரண்டியால் ஊற்றினாள். நாக்கின் ஓரம் பிளந்திருந்தது. "இன்னொரு வாட்டி அந்தப் பக்கம் போனின்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். எட்டாம் நாள் அவன் சட்டையை மாட்டினான். தான் போகாவிட்டால் வேறு எவனாவது குதிரையை அடித்து வாயைத் திறப்பான் என்று குழறிக் குழறிச் சொன்னான். அது உண்மைதான். அவர்கள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அதற்குள் அடித்துப் பார்த்திருந்தார்கள். செவலையின் மேலுதடு வீங்கியிருந்தது. இரண்டு ஆட்கள் தடியோடு நின்றும் அது பல்லைத் திறக்கவில்லை. மார்ட்டினைக் கண்டதும் காதை முன்னால் நீட்டிக் கனைத்தது. அவன் வெல்லத்தை நீட்டினான். வாயைத் திறந்தது. முள் கம்பியை உள்ளே வைத்து வாரை இறுக்கினான்.

தேர் அன்று அறிவுச்செல்வன் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக நிமிர்ந்து உட்கார்ந்து போனான். சொன்ன இடத்தில் நின்றது, சொன்ன பக்கம் திரும்பியது குதிரை. அதன் கடைவாயில் சிவப்பாக வடிந்த நுரையை ஊர்க்காரர்கள் குங்குமம் என்று நினைத்தார்கள். கந்தசாமி தெருவோரம் நின்று கும்பிட்டார். ராணியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அறிவுச்செல்வன் தினமும் ஏறினான். குரல் மாறிவிட்டது. செவலை தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகியது. மார்ட்டின் காலையும் மாலையும் உப்புத்தண்ணீரால் வாயைக் கழுவினான்.

"ஒரு வாரம் ரப்பர் கம்பியப் போட்டு ஓட்டுங்க தம்பி. நாக்கு அழுகுது."

"இன்னா தம்பி? மொதலாளின்னு சொல்லு."

"குதிர எளச்சிப் போச்சேடா, கொஞ்ச நாளு வுடு" என்று ராணியம்மாளும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "நீ உள்ள போ" என்றான். அவள் உள்ளே போனாள்.

வைகாசிக் கடைசியில் ஒரு காலை அறிவுச்செல்வன் தனியாகக் கல்வராயன் மலைச் சாலையில் ஏறினான். மூன்றாவது வளைவில் எதிரே வெள்ளிமலைப் பேருந்து ஹாரன் அடித்தது. செவலை மிரண்டது. அவன் இரண்டு கையாலும் இழுத்தான். மார்ட்டின் சொன்னபடியே அது பின்னங்காலில் எழும்பி மல்லாந்தது. அவன் பக்கவாட்டில் உருண்டான், முழங்கை மட்டும் சிராய்த்தது. செவலை சாலையோரத் தடுப்புச் சுவர்மேல் விழுந்தது. பின்னங்கால் தொடையோடு முறிந்துபோனது.

சேதி கேட்டு மார்ட்டின் அடுத்த பேருந்தைப் பிடித்துப் போய்ச் சேரும்போது உச்சிவெயில். செவலை சரளைமேல் கிடந்தது. கடிவாளம் இன்னும் வாயிலேயே இருந்தது. அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவன் வாரை அவிழ்த்து, நாக்கில் புதைந்திருந்த கம்பியை மெல்லப் பிடுங்கினான். பாட்டில் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி நீட்டினான்.

செவலை பல்லைக் கடித்துக்கொண்டது.

வெல்லத்தை நீட்டினான். எழ முடியாத குதிரை அவன் கைக்கு எட்டாதபடி முகத்தைச் சரளையில் தேய்த்துத் தேய்த்து அப்பால் நகர்த்தியது. சுற்றி நின்றவர்களில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் பாட்டிலை வாங்கித் தண்ணீரைச் சாய்த்தார். அவரிடம் குடித்தது.

கால்நடை மருத்துவர் வந்தார். காலைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், ஊசியை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது.

அறிவுச்செல்வன் போனில் பேசிக்கொண்டிருந்தான். "எனக்கு ஒன்னும் இல்லம்மா. கழுத, காலத்தான் ஒடச்சிக்கிச்சி." போனைப் பையில் போட்டுக்கொண்டு மார்ட்டினிடம் வந்தான்.

"ஆடில அந்தியூரு போலாம். இந்த வாட்டி ஆண் குதிர. அதுக்கு எந்த மாரி கம்பி தோதா இருக்கும்னு பாத்து வையி."

"உங்களுக்கு எதுவும் தோதா இருக்காதுங்க."

"இன்னா?"

"கையி சரியில்ல."

அறிவுச்செல்வன் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "நாக்கு ஆறிடிச்சி போலருக்கே."

மார்ட்டின் பேருந்துக்குக் காத்திருக்கவில்லை. அணைக்கட்டு வரைக்கும் நடந்தே இறங்கினான். ஆடியில் அவர்கள் ஒரு கறுப்புக் குதிரை வாங்கினார்கள். அதைப் பார்த்துக்கொள்ளச் சேலம் பக்கத்திலிருந்து ஒருவன் வந்திருக்கிறான். மார்ட்டின் இப்போது தியாகதுருகத்தில் ஒரு கோழிப்பண்ணையில் வேலை செய்கிறான். பேச்சு முழுசாகத் திரும்பவில்லை. அவனைப் பற்றி யாராவது விசாரித்தால், "வாய் ஜாஸ்தி, அதான் அனுப்பிட்டோம்" என்று ராணியம்மாள் சொல்கிறாளாம்.