நாற்பதில் நாலு கை

செத்த வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இந்தக் காலத்தில் செருப்பைக் கழற்றும்வரைகூடப் பொறுமை இல்லை. வாசலிலேயே "எப்படி?" என்று கேட்டுவிடுகிறார்கள், அழுவதெல்லாம் அப்புறம்தான். கிழவர் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். வயிற்றுவலி. நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர், எந்தப் போலீஸ்காரனிடமும் இப்படித் தலையைக் குனிந்துகொண்டு பொய் சொன்னதில்லை.

உள்ளே கிடந்தது மகள். இரண்டு பிள்ளைக்காரி, சின்னது இன்னும் பால் மறக்கவில்லை. மூன்றாவது தங்கிவிட்டதென்று ஒருவரிடமும் சொல்லாமல், யாரோ விற்ற மாத்திரையை விழுங்கிவிட்டுக் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டாள். கதவை உடைத்தபோது உயிர் இருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது இல்லை.

கிழவர் தேடிப் போனபோது கொல்லையில், துணிக்கொடிக்குப் பின்னால் மகன் நின்றான். டாக்டருக்குப் படிக்கிறவன். கூடப் படிக்கிறவர்கள் எட்டுப் பேர் வாசலில் வந்து நின்றும் அவன் அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் இவன்தான் சாப்பிட உட்கார்ந்து கதை சொன்னான். கருக்கலைப்பு வார்டில் வேலை பழக யாருக்குச் சம்மதம் என்று வகுப்பில் கேட்டார்களாம். நாற்பது பேரில் நாலு கைதான் எழுந்ததாம். இவன் தூக்கவில்லை. கிழவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்படி இரு. அவளுங்க கொழுப்பெடுத்து ஆடினதுக்கு நீ எதுக்குக் கையை அழுக்காக்கிக்கணும்?"

இருவரும் சிரித்தார்கள். குழம்புக் கரண்டியோடு நின்றிருந்த மகள், தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போனாள். சொம்பு நிறையத் தண்ணீர் அவர் பக்கத்திலேயே இருந்தது. அது அவருக்கு இன்று காலையில்தான் நினைவுக்கு வந்தது.

"மறுநாள் அக்கா கேட்டுச்சுப்பா," என்றான் மகன். "அந்த வார்டு எந்தப் பக்கம்னு. யாருக்குன்னேன். தையல் கடையில ஒருத்திக்குன்னுச்சு. அந்த மாதிரி ஆளுங்க சகவாசமே வேணாம்னு சொல்லிட்டேன்."

கிழவர் துணிக்கொடியில் காய்ந்த குழந்தைச் சட்டையை எடுத்து மடித்தார். மடித்ததை மறுபடி பிரித்தார்.

"அந்த வேலை தப்புன்னு நெனச்சு ஒண்ணும் நான் கை தூக்காம இருக்கலப்பா. பக்கத்துல யாரும் தூக்கல. அதான்."

"ம்."

"இனிமே கேட்டா தூக்குவேன்."

"தூக்குவ," என்றார் கிழவர். "நாலு நாள் தூக்குவ."

சிரித்ததில் பாதி தன்னுடையது என்று தெரிந்த மனுஷனுக்கு அவனிடம் என்ன கேள்வி கேட்க வரும்?

சவ வண்டிக்காரன் உள்ளே வந்து, உடலைத் தூக்கிப் பிடிக்க நாலு பேர் வேண்டும் என்றான். வாசலில் நின்ற எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனும் வந்தான். கிழவரும் கையை நீட்டினார். கிழவர் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, நீட்டியிருந்த தன் கையை இழுத்துக்கொண்டு, வண்டிக்கு முன்னால் தனியாக நடந்தார்.

தெருமுனையில், தாமதமாக வந்த ஒருவர் அவரை மறித்து, "எப்படி?" என்றார்.

கிழவர் நிற்கவில்லை. குழந்தைச் சட்டை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.