துணைக்கு வந்தவர்

அறுபத்தெட்டாம் ஆண்டு, பொங்கல் முடிந்த கிழமை. கனகசபாபதியைத் தராசில் ஏற்றிய டாக்குத்தர், முள்ளைக் குனிந்து பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு இறாத்தல். பிறஷரும் ஏறியிருந்தது.

"மருந்து எழுதித் தரலாம். ஆனால் உடம்பைக் குறைக்காட்டில் உமக்கு ஒரு மருந்தும் உதவாது. கந்தோருக்கு எதிலை போறனீர்?"

"பஸ்ஸிலை."

"இனிச் சைக்கிளிலை போம்."

மல்லாகத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஐந்து மைல். துறைமுகக் கந்தோரின் தலைமை எழுதுவினைஞரான கனகசபாபதிக்கு வயது நாற்பத்தேழு. கல்யாணத்துக்குப் பிறகு அவர் சைக்கிளில் ஏறியதில்லை. முதல் நாள் காலை, மல்லாகம் சந்தியில் அவரை முந்திக்கொண்டு போன பஸ்ஸிலிருந்து யாரோ, "ஐயோ, ரயர் பாவம்!" என்று கத்தினார்கள். பஸ் முழுக்கச் சிரித்தது. தன் மேசைக்கு முன்னால் ஆட்கள் குரலைத் தாழ்த்திக் கதைப்பதுதான் அவருக்குப் பழக்கம். அந்தச் சிரிப்பு அன்று முழுவதும் அவர் காதில் கிடந்தது.

இன்னொருவர் பக்கத்தில் வந்தால் இப்படி இராது என்று அவருக்குப் பட்டது. இரண்டு பேர் கதைத்துக்கொண்டு போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தனியே ஒரு தடித்த மனிதன் மூச்சு வாங்கிக்கொண்டு போனால்தான் வேடிக்கை.

கந்தோரில் கனிசியஸ் என்றொரு தற்காலிக எழுதுவினைஞர் இருந்தார். முப்பத்தொரு வயது, மெலிந்த உடம்பு. குருநகர்க்காரர், கடலுக்குப் போகும் குடும்பத்தில் பேனை பிடித்த முதல் ஆள். வேலைக்காக மல்லாகம் ஸ்ரேஷனுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்து மனைவியோடு இருந்தார். அவரை நிரந்தரமாக்கும்படி சிபாரிசு எழுதவேண்டியவர் கனகசபாபதிதான்.

"கனிசியஸ், உம்மட்டைச் சைக்கிள் இருக்கோ?"

"இருக்கு ஐயா."

"நாளைக்கு என்னோடை வாருமன். தனிய உழக்க அலுப்பாக் கிடக்கு."

 கனிசியஸ் கையிலிருந்த கடதாசிக் கோவையை மற்றக் கைக்கு மாற்றினார். "ஓம் ஐயா, வாறன்," என்றார்.

கூச்சம் என்று கனகசபாபதி நினைத்தார்.

மறுநாளிலிருந்து இருவரும் சேர்ந்தே போனார்கள். தெல்லிப்பழைச் சந்தி வந்ததும் கனிசியஸ் சைக்கிளை மெதுவாக்குவார். "ஐயா, களைச்சுப் போனியள். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவமே?" கனகசபாபதி உண்மையிலேயே களைத்துத்தான் இருப்பார். இவ்வளவு பக்குவமாகத் தன்னைக் கவனிக்கிறாரே என்று மனதுக்குள் மெச்சிக்கொள்வார். முதல் கிழமை அவர் தேத்தண்ணிக் கடையின் மர வாங்கில் இருக்க, கனிசியஸ் கோப்பையோடு வெளியே நின்றார். எட்டாம் நாள் கனகசபாபதி தன் பக்கத்து இடத்தைக் கையால் தட்டி, "இதிலை இரும்," என்றார். கடைக்காரர் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தேத்தண்ணியை ஆற்றத் தொடங்கினார்.

கனகசபாபதிக்கு அதுவரை சிநேகிதர் என்று சொல்ல ஆள் கிடையாது. மேலே இருந்தவர்களுக்குப் பயந்தார். கீழே இருந்தவர்கள் அவருக்குப் பயந்தார்கள். இப்போது, வழி நெடுகக் கதை. கனிசியஸ் கடலைப் பற்றிச் சொல்லுவார். எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரைக்கு வரும், புயலில் இரண்டு நாள் திசை தவறிப்போன சிற்றப்பன் தலைமன்னாரில் ஒதுங்கி என்ன சாப்பிட்டான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மரக்கறி தவிர வேறு உண்ணாத கனகசபாபதி, பாரை மீனுக்கும் விளை மீனுக்கும் வித்தியாசம் கேட்டுக்கொண்டு உழக்குவார். தனக்குப் பிள்ளைகள் இல்லாத கவலையை ஒருநாள் தன்னையறியாமல் சொல்லிவிட்டார்.  அன்று கனிசியஸ் அவருடைய சைக்கிளோடு ஒட்டினாற்போலவே வந்தார்.

ஆடி பிறந்தபோது கனகசபாபதி முப்பது இறாத்தல் குறைந்திருந்தார். மனைவி ஞானாம்பிகை அவருடைய காற்சட்டைகளை இரண்டாம் தரமும் பிடித்துத் தைத்தாள். "இஞ்சேருங்கோ, கலியாணக் கோலம் திரும்பி வருகுது," என்று சிரித்தாள்.

அந்த மாதம் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று பலமாக வீசியது. காலையில் முதுகைத் தள்ளிக்கொண்டு போய்விடும். பின்னேரம் வீடு திரும்பும்போது முகத்தில் செம்மண் புழுதியை அள்ளி வீசும். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அந்த எதிர்க்காற்றிலும் தன் கால்கள் சளைக்காமல் உழக்குவதைக் கண்டு கனகசபாபதிக்குச் சந்தோசமும் புளுகமும் வந்துவிட்டன. "எங்கை, இந்தக் கிழவனைப் பிடியும் பாப்பம்!" என்று கத்திவிட்டு எழுந்து நின்று உழக்கினார். அரை மைல் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பியபோது தெரு வெறுமையாகக் கிடந்தது.

வந்த வழியே போனார். வாழைத் தோட்ட வேலியோரம் கனிசியஸ் நிலத்தில் இருந்தார். சைக்கிள் பக்கத்தில் விழுந்து கிடந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஒண்டுமில்லை ஐயா... நீங்கள் போங்கோ. நான் ஆறுதலா வாறன்."

கனகசபாபதி தெருவின் நடுவில் நின்று, வந்த காரொன்றை மறித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கனிசியஸின் தலை அவர் தோளில் சாய்ந்திருந்தது. மூச்சு எப்போது நின்றது என்பது அவருக்குத் தெரியவில்லை. வாசலில் இறக்கியபோது மற்றவர்கள்தான் சொன்னார்கள்.

கனிசியஸுக்கு முன்பே மருந்து கொடுத்திருந்த ஆஸ்பத்திரி டாக்குத்தர் உடலைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "பழைய இருதய வருத்தக்காரர். உவரை ஏன் சைக்கிள் ஓட விட்டனீங்கள்?" என்று கேட்டார். 

அடக்கம் முடிந்ததும் கனிசியஸின் மனைவி பெர்னடெட் குருநகரில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு மாதம் கழித்துக் கனகசபாபதி அங்கே போனார். அவள் கதிரையைத் துடைத்துப் போட்டாள். அவர் அதில் அமரவில்லை.

"பிள்ளை, எனக்கு ஒண்டு தெரியவேணும். அவருக்கு வருத்தம் இருந்தது உமக்குத் தெரியுமோ?"

"ஓம் ஐயா. சின்ன வயசிலை மூட்டுக் காய்ச்சல் வந்து இருதயத்தைப் பிடிச்சது. அதாலைதான் அவரைத் தகப்பன் கடலுக்குக் கொண்டு போகேல்லை."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்..."

"சொன்னால் மெடிக்கல் சோதனையிலை தட்டிப் போடுவினம், வேலை நிரந்தரமாகாது எண்டு பயந்தவர். நீங்கள் கேட்டு எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது? நீங்கள் பெரியவர்."

அந்தப் பேச்சில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். தெல்லிப்பழைத் தேத்தண்ணிக் கடை நினைவுக்கு வந்தது. களைத்தது யார், யாருக்காக நின்றோம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

கதிரையின் சாய்வைப் பிடித்தபடி கேட்டார். "பயத்திலைதான் வந்தவரோ? கடைசி மட்டும் பயத்திலைதானோ?"

பெர்னடெட் யோசித்தாள். பொய் சொல்ல விரும்பாதவளின் யோசனை அது.

"தெரியாது ஐயா. நானும் ஒருக்காக் கேட்டனான், உண்மையைச் சொல்லி நிப்பாட்டுங்கோவன் எண்டு. சிரிச்சிட்டு விடிய எழும்பி ரயருக்குக் காத்தடிக்கப் போயிட்டார்."

கனகசபாபதி அப்போதுதான் கதிரையில் அமர்ந்தார். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு, வேற்று வீடு என்பதையும் மறந்து அழுதார். அவள் தடுக்கவில்லை. அவளும் நின்றபடியே அழுதாள்.

பெர்னடெட்டுக்குத் தையல் பழக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை எடுத்துக் கொடுக்க அவர் எட்டு மாதம் அலைந்தார்; கிடைத்தது. அவரால் முடிந்தது அவ்வளவுதான். சைக்கிளை அவர் விடவில்லை. பஸ்ஸில் ஏறினால், "ஐயா நல்லா இளைச்சுப் போனார், எப்பிடிக் குறைச்சனீங்கள்?" என்று நாலு பேர் கேட்பார்கள். அந்தக் கேள்வியை அவரால் தாங்க முடியவில்லை.

அடுத்த வருடம் கணக்குப் பகுதித் தியாகலிங்கம் அவர் மேசைக்கு வந்தார். அவருக்கும் வயிறு வைக்கத் தொடங்கியிருந்தது.

"ஐயா, நானும் உங்களோடை சைக்கிளிலை வரட்டோ? துணையாவும் இருக்கும்."

"வேண்டாம்," என்றார் கனகசபாபதி. குரல் அவர் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது. "நீர் பஸ்ஸிலையே வாரும்."

தியாகலிங்கத்தின் முகம் கறுத்துப் போயிற்று. உடம்பு குறைய மனுசனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று கந்தோரில் கதைத்தார்கள். அது கனகசபாபதியின் காதுக்கும் வந்தது. அவர் யாருக்கும் ஒன்றும் விளக்கவில்லை. ஓய்வு பெறும்வரை அந்த ஐந்து மைலும் தனியேதான் போய் வந்தார்.