அம்சவேணி மூச்சு விடவில்லை என்றது இயந்திரம்

1

இந்தக் கதையைக் குன்னூரில் ஒரு டீத்தூள் கடையில் திருடினேன். ஓர் அம்மாள், தோளில் பை, பையிலிருந்து மூக்குக்கு மெல்லிய குழாய். தூளைக் கையில் கொட்டி முகர்ந்தார். "ஏனுங்க, இது போன மழைக்கு முந்துன தூளுங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'பனிமூட்டத்தில் மூச்சுக்காக ஏங்கியபடி அம்சவேணி...'

அடித்துவிட்டேன். நீலகிரி என்றால் பனி வந்தே தீர வேண்டுமா? தவிர, அந்த அம்மாள் ஏங்கவே இல்லை.

இரண்டாவது: அம்சவேணி அரவேணு பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷமாக டீ ருசி பார்ப்பவர். தேயிலைத் தூசி நுரையீரலைக் கெடுத்துவிட்டது. முன்பெல்லாம் இப்படி ஆனால் ஆளுயர சிலிண்டரும் கட்டிலும்தான் கதி. இவருக்கோ இரண்டு கிலோவில் ஓர் இயந்திரம். காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்து, மூக்கு இழுக்கும்போதெல்லாம் ஒரு மடக்கு தரும்.

[அது எப்படிப் பிரிக்கிறது என்று இங்கே அரைப்பக்கம் இருந்தது. நீங்கள் கொட்டாவி விட்டீர்கள். எடுத்துவிட்டேன்.]

3

வேலைக்குத் திரும்பிய முதல் நாள். மேஜையில் பன்னிரண்டு கோப்பைகள். அம்சவேணி சர்ரென்று உறிஞ்சினார், துப்பினார், நகர்ந்தார். நாலாவது கோப்பையில் இயந்திரம் கீச்சிட்டது. மூச்சு இல்லையாம்.

மேனேஜர் லெஸ்லி ஓடிவந்தார். "உட்காருங்கம்மா! ஆம்புலன்ஸ் கூப்பிடட்டா?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க சார். மிஷினுக்குத்தான் டீ குடிக்கத் தெரியல."

விஷயம் இதுதான். ருசி பார்ப்பவர்கள் காற்றையும் சேர்த்து வாயால் உறிஞ்சுவார்கள். வேலை மும்முரத்தில் மூக்கால் இழுக்கவே மறந்துபோவார்கள். இயந்திரமோ மூக்கை மட்டுமே காவல் காக்கிறது.

"இது சரிப்படாதும்மா. நீங்க ஆபீஸ்ல போன் எடுங்க. டேஸ்டிங்கை, நீங்க இல்லாதப்போ பாத்த காயத்ரியே பாக்கட்டும்."

மூச்சு நின்றுவிடுமோ என்றுகூட அம்சவேணி இப்படிப் பயந்ததில்லை.

4

இங்கே அவரை அழவைக்கலாம் என்று மூன்று வரி எழுதினேன். 'கண்களில் நீர் திரள அவர்...' ஒட்டவில்லை.

"ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க சார்" என்று அவர் முதல் கோப்பைக்கே திரும்பினார். உறிஞ்சினார், துப்பினார், வாயை மூடி மூக்கால் நிதானமாக ஒரு மூச்சு. புஸ். அடுத்த கோப்பை. இயந்திரம் வாயே திறக்கவில்லை. வேலை கொஞ்சம் மெதுவாக நடந்தது, ஆனால் நடந்தது.

ஏழாவதில் நின்றார். "இதுல புகை அடிக்குதுங்க. இலை காயுற டிரையர்ல எங்கியோ ஓட்டை."

"காயத்ரி காலைலயே எல்லாம் நல்லாருக்குன்னுட்டா. இந்தத் தூளை ஏத்துன லாரி கிளம்பப்போகுது. உங்களுக்குக் குழாய் பிளாஸ்டிக் வாசனையா இருக்கும்மா."

"அப்ப நீங்களே குடிச்சுப் பாருங்க சார்."

5

முடிவு அ: லெஸ்லி குடிக்கிறார், முகம் சுளிக்கிறார், லாரியை நிறுத்துகிறார்.

முடிவு ஆ: புகையே இல்லை. பிளாஸ்டிக்தான். (இதை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதி வைத்திருக்கிறேன்.)

எது சரி என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் என்னைத்தான் நம்புவீர்கள், அவரை நம்ப மாட்டீர்கள்.

வெளியே லாரி உறுமுகிறது. நிறுத்துவதா விடுவதா, நீங்கள் சொல்லுங்கள். லெஸ்லி இன்னும் கோப்பையை எடுக்கவில்லை. அம்சவேணி எட்டாவதுக்குப் போய்விட்டார்.