சீட்டு எடுக்காத முப்பது நாள்

அந்த அறையில் விளக்கு கிடையாது. பதினாறு கூண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு கரப்பான், அது ஏறி ஓட ஒரு சக்கரம். வெளிச்சமே காட்டாவிட்டாலும் அவை தங்களுக்கென்று ஒரு பொழுது வைத்துக்கொண்டு, தினமும் கால் மணி நேரம் முன்னதாக எழுந்து ஓடும். அந்த நேரத்தில் அவற்றின் கண்ணும் கூர்மையாகும், பார்க்க எதுவுமே இல்லாதபோதும்.

தீனி வைப்பது என் வேலை. ஒரே நேரத்தில் போனால் என்னை வைத்தே அவை நேரம் தெரிந்துகொள்ளும். அதனால் தினமும் டப்பாவில் சீட்டு எடுத்து, அதிலிருக்கும் நேரத்துக்குத்தான் கதவைத் திறக்க வேண்டும். முப்பது நாளாக நான் சீட்டு எடுக்கவில்லை. தோன்றியபோது போனேன். எல்லாவற்றையும் பிறர் சொன்ன நேரத்துக்கே செய்கிறவளுக்கு, அந்த ஒன்றாவது தன் இஷ்டப்படி நடந்தது பிடித்திருந்தது.

"அக்கா, இங்க கொஞ்சம் வாங்க."

கூப்பிட்டவள் மூன்று வருஷமாக இந்த ஆராய்ச்சியைக் கட்டிக்கொண்டு அழுகிறவள். இன்னும் வாங்காத பட்டத்தை வைத்து டாக்டரம்மா என்று கூப்பிடுவோம். திரையில், கரப்பான்கள் ஓடத் தொடங்கிய நேரங்கள் ஒரு சாய்ந்த கோடாக இறங்கின. அதை ஒட்டியே இன்னொரு கோடு, கதவு திறந்த நேரங்கள். முதல் நாள் மாலை ஐந்தரை. இன்று காலை பத்தேகால்.

"சீட்டு எடுத்தீங்களா?"

"இல்லம்மா."

"நீங்கதான் அதுங்களுக்குக் கடிகாரம்னா, என் மூணு வருஷமும் போச்சு."

அவள் கத்தவில்லை. திரையையே பார்த்தாள். நடுவில் நான்கு நாள் நான் காய்ச்சலில் வரவில்லை. முன்கூட்டியே தீனி நிரப்பியிருந்ததால் யாரும் கதவைத் திறக்கவில்லை. அங்கே என் கோடு இல்லை. கரப்பான்களின் கோடு இம்மி பிசகாமல் இறங்கியிருந்தது.

"தப்பிச்சேன். அதுங்க உங்களப் பாத்து எழுந்திருக்கல." சிரித்தவள் பாதியில் நிறுத்தினாள். "அப்ப நீங்க யாரப் பாத்துப் போனீங்க?"

வீட்டில் கணவரிடம் கேட்டேன். "காய்ச்சல்ல நான் எழுந்து நடந்தேனா?"

"தினமும்தான். சாமான் அறைக்குள்ள போய் இருட்டுல நிப்ப. முதல் நாள் நான் மத்தியானம் சாப்பிட்டு கை கழுவிட்டு இருந்தேன். கடைசி நாள் குக்கர்ல விசில்கூட வரல."

"ஏன் சொல்லல?"

"காய்ச்சல்காரிகிட்ட என்னத்தச் சொல்ல? அந்த இருட்டுலயே மாத்திரை அட்டையில இருக்கிற பொடி எழுத்தெல்லாம் கடகடன்னு வாசிச்ச. லைட்டே போடல. எனக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாது."

வீட்டுக்குள் இருட்டிவிட்டிருந்தது. நான் ஸ்விட்சைத் தேடிப் போட்டேன்.

மறுநாள் போனதும் சீட்டு எடுத்தேன். மூன்று மணி. சாவியை டாக்டரம்மாவிடம் கொடுத்து, மூன்றுக்கு முன் கேட்டாலும் தராதே என்றேன். "வேலைக்காரி மாதிரியா பேசுறீங்க, குடிகாரன் மாதிரி பேசுறீங்க" என்றாள்.

பத்து மணிக்கு மேசைக்கு அடியில் என் கால்கள் அசையத் தொடங்கின. முழங்கால்களை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. சுவருக்கு அப்பால், ஒன்றன்பின் ஒன்றாக, சக்கரங்கள் சுழலும் சத்தம். பூட்டிய கதவின் அடியில் இருந்த விரற்கடை இருட்டு மட்டும் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது.