இடைவேளைக்குப் பிறகு

பேரப்பிள்ளைக்குப் பேர் வைக்கும் உரிமை தனக்குத்தான் என்று முத்தலிப் முதலாளி ஒற்றைக் காலில் நின்றார். கல்முனையில் காலமெல்லாம் சீமெந்தும் கம்பியும் விற்ற மனுசன். விலை சொன்னால் சொன்னதுதான், குறைக்கத் தெரியாது. மகனுக்குச் செங்கிஸ்கான் என்று பேர் வைத்தவர், பேரனுக்குக் குப்லாய்கான் என்று தீர்மானித்துக்கொண்டுதான் இறக்காமத்துக்கு வேன் ஏறினார். அந்தச் செங்கிஸ்கானின் பேரன்தானாம் குப்லாய்கான். தன் பேரனுக்கும் பேரன் பேர்தானே, கணக்குச் சரியாக வருகிறதாம்.

மகன் கலியாணம் முடித்துப் போயிருந்தது இறக்காமத்துச் சீனிமுகம்மதுவின் வீட்டுக்கு. சம்பந்தி வயல்காரர், நிதானமான ஆள். அவருடைய மகள் நுஸ்ஹா எத்தனையோ நேர்ச்சைக்குப் பிறகு பெற்ற பிள்ளை இது. அன்று ஏழாம் நாள். முடி களைந்து, ஆடறுத்து, பகல் சாப்பாடும் முடிந்திருந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு மௌலவி வந்து துஆ ஓதிப் பேர் சொல்வதுதான் மிச்சம்.

"நீங்க வெச்சா சந்தோசந்தான் முதலாளி," என்றார் சீனிமுகம்மது. "ஆனா இந்தக் கான்மார் ஆரு, என்ன செஞ்ச ஆக்கள் எண்டு எங்களுக்கும் தெரியத்தானே வேணும். புள்ள பெருசாகிக் கேட்டா என்னத்தச் சொல்ற?"

இந்தக் கேள்விக்காகவே முத்தலிப் காத்திருந்தார். நுஸ்ஹாவின் தம்பி றமீஸைக் கூப்பிட்டு, செங்கிஸ்கானைப் பற்றிய அந்தப் பழைய இங்கிலீசுப் படத்தை இன்டர்நெட்டில் தேடிப் பெரிய டிவியில் போடச் சொன்னார். "படத்தப் பாருங்க சம்மந்தி. பார்த்துட்டுக் கதைங்க."

அந்தப் படத்தின் கதை கல்முனை பசாரில் தெரியாத ஆள் இல்லை. ஆணி வாங்க வந்தவனுக்கும் அதைச் சொல்லித்தான் ஆணி நிறுத்துக் கொடுப்பார். கழுத்தில் மரப்பலகை பூட்டி அடிமையாகக் கிடந்த பொடியன் தப்பி ஓடுகிறான், சிதறிய சனத்தை ஒன்று சேர்க்கிறான், மலையில் ஏறி நெற்றியை நிலத்தில் வைக்கிறான். பிறகு உலகத்தைப் பிடித்து, பிடித்த ஊரிலெல்லாம் பள்ளிவாசல் கட்டி, கடைசியில் கலிமாச் சொல்லி மௌத்தாகிறான். இந்தப் 'பிறகு' இருக்கிறதே, அதுதான் வில்லங்கம். முத்தலிப் அந்தப் படத்தை இடைவேளை வரைக்கும்தான் பார்த்திருந்தார். மனைவி சபியா உம்மாவுக்கு வயிற்றுக்குத்து என்று தியேட்டருக்கே ஆள் வந்து கூப்பிட்டது. ஓடினார். ஆண் பிள்ளை பிறந்தது, படத்தின் பேரையே வைத்தார். வெற்றிலைக் கடைக்காரன் மிச்சக் கதை என்ன என்று கேட்டபோது, தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கான் என்று பேர் இருக்கிறது, நெற்றியை நிலத்தில் வைக்கிறான், வேறென்ன செய்திருப்பான்? பள்ளிதான் கட்டியிருப்பான். சொல்லிச் சொல்லி, தான் பார்க்காததே அவருக்கு மறந்துபோனது.

ஆகவே அவர் ஒரு கூச்சமும் இல்லாமல் நடுக் கதிரையில் அமர்ந்து, ஒவ்வொரு காட்சியையும் அது வருமுன்பே சொல்லிக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டுப் பெண்கள் கதவோரம் பாய் விரித்துக்கொண்டார்கள். குழந்தை சம்பந்தியின் மனைவி மடியில் தூங்கியது. மகன் மட்டும் பின்னால் சுவரோடு நின்றான். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் உத்தியோகம் பார்க்கிறவன், அதிகம் கதைக்க மாட்டான்.

படம் பாதிக்கு வந்தபோது அவன் முன்னால் வந்தான். "காணும் வாப்பா. எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்துவம். மிச்சத்தப் பிறகு பார்க்கலாம்."

"பேசாம நில்லு மனே! உன்ட பேருக்குரிய மனுசன்ட வேலையே இனித்தான் இருக்கு."

"வாப்பா, மௌலவி வாற நேரம்..."

"வரட்டும். அவரும் பார்க்கட்டும்."

அவன் றமீஸைப் பார்த்தான். றமீஸ் முதலாளியைப் பார்த்தான். படம் ஓடியது.

ஒரு பெரிய நகரம் வந்தது. நீலக் குவிமாடம், மினாரா. முத்தலிப் கதிரை நுனிக்கு வந்துவிட்டார். "இந்தா சம்மந்தி, இதான். இதத்தான் சொன்னன்." செங்கிஸ்கான் குதிரையில் வந்தான். குதிரையை விட்டு இறங்கவில்லை. பள்ளிவாசலுக்குள் குதிரையோடே போனான். பின்னால் வந்த படை குர்ஆன் வைத்திருந்த பெட்டிகளைக் கவிழ்த்து, அவற்றில் குதிரைக்குத் தீனி கொட்டியது. தாள்கள் குளம்படியில் கிடந்தன. வெள்ளைத் தாடி இமாம் ஒருவர் குனிந்து பொறுக்கப் போனார், அவரை உதைத்துத் தள்ளினார்கள்.

"அஸ்தஃபிருல்லாஹ்," என்று யாரோ ஒரு பெண் சொன்னது கேட்டது. சம்பந்தியின் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். றமீஸ் பதறிப்போய் நிறுத்துவதற்கு ரிமோட்டில் எதையோ அமத்தினான். படம் நின்றது, ஆனால் அந்த இடத்திலேயே நின்றது. பள்ளிக்குள் குதிரை, டிவி நிறைய.

முத்தலிப்புக்குக் காது இரண்டும் கொதித்தன. அந்த நேரம் நிலம் பிளந்திருந்தால் நன்றி சொல்லி இறங்கியிருப்பார். நிமிர்ந்து ஒருவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

சீனிமுகம்மது நல்ல மனுசன், அதுதான் இன்னும் கொடுமை. "படந்தானே முதலாளி," என்றார் மெதுவாக. "வெள்ளக்காரன் எடுத்தது. இல்லாததையும் எடுத்திருப்பான்."

ஆற்றில் அடித்துப்போகிறவன் கிளையைப் பிடித்ததுபோல முத்தலிப் அதைப் பிடித்துக்கொண்டார். "அதானே! நானும் அதத்தான் சொல்ல வந்தன். சொல்லு மகன், நீ படிச்சவன். சரித்திரத்துல அந்தாள் பள்ளி கட்டினவர்தானே?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாத பிள்ளை அவன். மாமனாரைப் பார்த்தான், வாப்பாவைப் பார்த்தான்.

"ஓம் வாப்பா," என்றான். "கட்டினவர் எண்டும் சொல்லுவாங்க."

அந்தக் குரலிலேயே முத்தலிப்புக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இடைவேளையில் ஏன் நிறுத்தப் பார்த்தான் என்பதும் விளங்கியது. ஒளுச் செய்யப் போவதாகச் சொல்லிக்கொண்டு எழுந்து, கிணற்றடிக்குப் போனார். மகன் பின்னால் வந்து வாளியை எடுத்தான்.

"எப்ப இருந்து தெரியும்?"

"ஒம்பதாம் வகுப்புல இருந்து. சரித்திரப் பாடத்துல வந்திச்சு."

"பொடியன்மார் என்ன சொன்னானுகள்?"

"அது கிடக்கட்டும் வாப்பா."

"சொல்லு."

"பள்ளி உடைச்சவன் எண்டு கூப்பிட்டானுகள். கொஞ்ச நாள் குர்ஆன் மதரசாவுல பக்கத்துல ஒருத்தனும் இரிக்கயில்ல."

முத்தலிப் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டார். "என்னட்ட ஏன்டா சொல்லல்ல?"

"சொல்லத்தான் கடைக்கு வந்தன். பேர மாத்தித் தாங்க எண்டு கேக்க வந்தன். நீங்க ஆருக்கோ படக் கதை சொல்லிக்கிட்டு நிண்டீங்க. என்னக் கண்டதும் தலையில கைய வெச்சு, இந்தா என்ட ராசா வாறான் எண்டீங்க. பிறகு எப்படி வாப்பா கேக்கிற?"

அந்த நாளை நினைத்துப் பார்க்க முயன்றார் முத்தலிப். வரவில்லை. அப்படி எத்தனையோ நாள், எத்தனையோ பேருக்கு முன்னால் அவன் தலையில் கை வைத்துச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் இந்தப் பிள்ளை உள்ளுக்குள் குறுகிக்கொண்டு, வெளியே சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறான். வெட்கம் என்றால் சம்பந்தி வீட்டில் பட்டதுதான் வெட்கம் என்று நினைத்தார். அது ஒன்றுமே இல்லை.

"நான் பாதிப் படந்தான் மகன் பார்த்த," என்றார். "மிச்சம் நான் கட்டினது."

"தெரியும் வாப்பா. உம்மா சொன்னவ."

சபியாவுக்கும் தெரிந்திருக்கிறது. மௌத்தாகும் வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள்.

"இந்தக் கிழமையே பேர மாத்துவம். பதிவ மாத்தக் கச்சேரிக்கு நானே வாறன். இனி என்ட வாயால அந்தப் பேரச் சொல்ல மாட்டன்."

அவன் தண்ணீரை ஊற்றுவதை நிறுத்தினான். "அப்படிச் செய்யாதீங்க. ஒபிஸுல என்னக் கான் எண்டுறாங்க. நுஸ்ஹாவும் கான் எண்டுதான் கூப்பிடுறா. அந்தப் பேர முழுசாச் சொல்லிக் கூப்பிடுறதுக்கு உம்மாவுக்குப் பிறகு நீங்க ஒராள்தான் இருக்கீங்க. நீங்களும் விட்டா, நான் ஆரு வாப்பா?"

முத்தலிப் முகத்தில் தண்ணீரை அடித்துக் கழுவினார், மறுபடியும் கழுவினார்.

உள்ளே மௌலவி வந்திருந்தார். டிவியை யாரோ துணி போட்டு மூடியிருந்தார்கள். சீனிமுகம்மது குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல, "முதலாளி, பேரச் சொல்லுங்க," என்றார். அந்த மரியாதை முத்தலிப்பைச் சுட்டது.

"நான் அந்தப் படத்த முழுசாப் பார்த்ததில்ல சம்மந்தி," என்றார். தலை குனிந்திருந்தது. "பள்ளி கட்டினதெல்லாம் நான் சொன்ன பொய். பேர் வெக்கிற தகுதி எனக்கில்ல. புள்ளட வாப்பா வெக்கட்டும்."

வாசலில் நின்ற மகனைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை பேருக்கு முன்னால், மூடிக் கிடந்த அந்த டிவிக்கு முன்னால், அந்தப் பேரைச் சொல்ல நாக்கு கூசியது. என்றாலும் சொன்னார்.

"செங்கிஸ்கான்... வா மகன்."

"ஓம் வாப்பா," என்று அவன் வந்தான்.