அழுகைக்கு ஒரு மாத்திரை

பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போன பிறகுதான் அப்பா முதன்முதலாக அழுதார். அதுவரை அவர் அழுது பார்த்தவர் யாருமில்லை. அவரால் அழுதவர்கள் ஏராளம். அவருடைய லேத் பட்டறையில் அவருக்குப் பட்டப்பெயர் சம்மட்டி. வீட்டிலும் அதே அடிதான்.

மகன் அன்று அவருக்கு ஷேவ் செய்துகொண்டிருந்தான். எதையாவது பேச வேண்டுமே என்று, "அம்மா இருந்திருந்தா உங்களை இன்னும் நல்லா பாத்திருப்பாங்க, இல்லப்பா?" என்றான். சோப்பு நுரைக்கு நடுவே அப்பாவின் வாய் கோணியது. தேம்பித் தேம்பி அழத் தொடங்கினார்.

மகன் ஆடிப்போய்விட்டான். அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்த அந்த மதியத்தை அவனால் மறக்க முடிந்ததில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்று காலைப் பிடித்துக் கெஞ்சிய பிள்ளைகளிடம், "நடிக்கிறா. கொஞ்ச நேரத்துல தானா எந்திரிப்பா பாரு" என்று சொல்லிவிட்டு, வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவர் அப்பா. அம்மா எழுந்திருக்கவே இல்லை. அடக்கம் முடிந்த கையோடு தங்கச்சி பெட்டியைக் கட்டினாள். அந்த ஆள் முகத்தில் இனி முழிக்க மாட்டேன் என்று போனவள் போனவள்தான்.

இப்போது அம்மா பேச்சை எடுத்தாலே அழுகிறார் என்றால், உள்ளுக்குள் எத்தனை வருஷமாகப் புழுங்கியிருக்கிறாரோ! மகனின் மனசு இளகிவிட்டது. அதுவரை கடமைக்குச் செய்த வேலையெல்லாம் ஆசையாகச் செய்தான். முதுகில் புண் வராமல் நேரம் தவறாமல் புரட்டிப் படுக்கவைத்தான். ஊட்டிய சாப்பாடு மரத்துப்போன கன்னத்துக்குள் ஒதுங்கிக் கிடக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தான். "நம்ம பிள்ளைய ஒருநாள் இப்படிக் கழுவிவிட்டதுண்டா நீங்க?" என்று அவன் மனைவிகூடக் கேலி செய்தாள். தினமும் ஒருமுறை அவன் அம்மாவைப் பற்றிப் பேசுவான். தினமும் அப்பா அழுவார். இவன் துடைத்துவிடுவான்.

"அப்பா மாறிட்டாரும்மா. ஒரே ஒருதடவை வந்து பாரு" என்று தங்கச்சிக்குப் போன் மேல் போன் போட்டான். கடைசியில் வந்தாள்.

அவள் அறைக்குள் காலெடுத்து வைத்ததுமே அப்பா பொலபொலவென்று கண்ணீர் விட்டார்.

"பாத்தியா?" என்றான் மகன்.

தினமும் காலையில் வந்துபோகும் நர்ஸம்மா படுக்கை விரிப்பை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்: "பயந்துடாதீங்கம்மா. இது மனசு அழறது இல்ல. மூளையில அடிபட்ட இடம் அப்படி. சிலருக்கு இந்த வியாதியில தன்னால அழுகை வரும். நேத்து நகம் வெட்டினப்போ அழுதார். டிவியில சோப்பு விளம்பரம் வந்தாலும் அழுவார்."

"அதெல்லாம் இல்ல. அம்மாவைச் சொன்னாத்தான் அழறார்" என்று மகன் சீறினான்.

"நீங்க அதைத்தானே சார் எப்பவும் சொல்றீங்க?"

தங்கச்சி கட்டிலருகே போய் நின்றாள். "நாம பேசறது இவருக்குப் புரியுதா?"

"நல்லா புரியும். பேச்சுதான் வராது. ஆமான்னா இடது கட்டைவிரலைத் தூக்குவார். இல்லன்னா கையை ஆட்டுவார். பழக்கி வெச்சிருக்கேன்."

"நான் உங்க மகளா?"

கட்டைவிரல் உயர்ந்தது.

"இந்த நர்ஸம்மா உங்க மகளா?"

கை ஆடியது.

"அன்னைக்கு அம்மாவை ஆஸ்பத்திரிக்கு விடாம கதவைப் பூட்டினீங்களே. அது தப்புதானே?"

அப்பாவின் முகம் சுருங்கியது. கன்னம் வழியாக வழிந்த கண்ணீர் காதை நனைத்தது. இடது கை விரிப்பிலிருந்து எழுந்து, இப்படியும் அப்படியுமாக ஆடியது. இல்லை.

"அவருக்குக் கேள்வி சரியா விளங்கல" என்றான் மகன். அவனே குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டான். "அப்பா, அம்மா செத்ததுக்கு நீங்க வருத்தப்படறீங்கதானே?"

கை முன்னைவிட வேகமாக ஆடியது. அப்பா விம்மி விம்மி அழுதுகொண்டே ஆட்டினார்.

தங்கச்சி நிமிர்ந்தாள். "மூக்கு ஒழுகுது, துடைச்சுவிடுண்ணா" என்றாள். கொடுத்த டீயைக்கூடத் தொடாமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த முறை டாக்டர் வந்தபோது நர்ஸம்மாதான் எடுத்துச் சொன்னார்: ஊட்டும்போது அழுதால் புரையேறுகிறது, சாப்பாடு நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆளே போய்விடுவார் என்று. அழுகையை நிறுத்த டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அழுகை சுத்தமாக நின்றது.

கண்ணீர் நின்றதும் பழைய பார்வை திரும்பி வந்தது. மகன் உடம்பு துடைக்கும்போதும், ஊட்டும்போதும், மலம் அள்ளும்போதும் அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருப்பார். பட்டறையில் அளவு தப்பி வந்த இரும்புத்துண்டை ஓரமாக வீசுவதற்கு முன் பார்ப்பாரே, அதே பார்வை. அம்மாவைப் பற்றி என்ன பேசினாலும் கண் கலங்கவில்லை. நடு வயசில், கக்கத்தில் துண்டோடு, மகன் பழையபடி அவருக்குப் பயந்து நடுங்கத் தொடங்கினான்.

அவனால் தாங்க முடியவில்லை. நர்ஸம்மாவிடம் மாத்திரை கொடுத்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, அதைக் கழுவுதொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டான். மறுநாளும் அப்படியே செய்தான்.

பிறகொரு காலை ஊட்டிக்கொண்டிருந்தபோது அப்பாவின் வாய் கோணியது. கண்ணீர் கொட்டியது, புரையேறியது, முகம் கருத்து மூச்சுக்குத் திணறினார். மகன் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தட்டினான். மூச்சு ஒருவழியாகத் திரும்பிய பிறகு கன்னத்தைத் துடைத்துவிட்டு, "அம்மா ஞாபகமாப்பா?" என்று கேட்டான்.

கேட்டுக்கொண்டே அந்த இடது கையைப் போர்வைக்கு அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.